பழைய காரின் ஸ்டியரிங்கிற்குப் புது நிறம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்டியரிங்கின் நிறம் பற்றியவை. எந்த நிறம் அடிக்கலாம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். தன் ஸ்டியரிங் எந்தப் பொருளால் ஆனது என்று கேட்டவர் ஒருவர்தான். முதலில் தெரிய வேண்டியது அதுதான். நகத்தால் அழுத்திப் பாருங்கள். சிறு பள்ளம் விழுந்து மெல்ல மீண்டால் அது யூரித்தேன் ஃபோம். எண்பதுகளின் ஜப்பான் கார்களில் பெரும்பாலும் இதுதான். நகம் இறங்காமல், தட்டினால் கட்டை போல ஒலித்தால் கெட்டிப் பிளாஸ்டிக் அல்லது கெட்டி ரப்பர். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இதைக் காணலாம். உட்புறமாகத் தையல் ஓடினால் தோல் அல்லது ரெக்சின். பெயிண்ட் கடைக்குப் போவது இதற்குப் பிறகு.

கேள்வி (நானுஓயா): என்னிடம் நிசான் சன்னி பி11 இருக்கிறது. ஸ்டியரிங்கின் மண்ணிறம் மங்கித் திட்டுத்திட்டாக இருக்கிறது. கறுப்பாக்க வேண்டும். ஹாட்வெயார் கடையில் விற்கும் சாதாரண ஸ்ப்ரே பெயிண்ட் போதுமா?

பதில்: போதாது. சாதாரண எனாமல் பெயிண்ட் காய்ந்ததும் விறைத்துவிடும். யூரித்தேனோ நீங்கள் பிடிக்கும்போதெல்லாம் அமுங்கி எழும். விறைத்த பூச்சு அதோடு சேர்ந்து வளையாது. கை அதிகம் படும் இரு பக்கங்களிலும் முதலில் மயிரிழை வெடிப்பு வரும், பிறகு செதிலாக உரியும். கை வியர்வையும் எண்ணெய்ப் பசையும் அந்தப் பூச்சை இளக்கவும் செய்யும். உங்களுக்கு வேண்டியது வினைல், பிளாஸ்டிக் உட்பாகங்களுக்கென்றே செய்த, வளையும் தன்மையுள்ள பெயிண்ட். தகரத்தின் மேல் 'வினைல்' என்று எழுதியிருக்கிறதா, வளையும் என்று சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஸ்டியரிங்கின் பிடிவளையம் ஏறக்குறைய 1000 சதுர சென்ரிமீற்றர்தான். 400 மில்லிலீற்றர் தகரம் ஒன்று வாங்கினால் மிஞ்சும்.

பெயிண்ட் ஒட்டுவதும் உரிவதும் பெரும்பாலும் அதற்கு முன் செய்யும் சுத்தத்தைப் பொறுத்தது. அரை லீற்றர் வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி விட்டு, நைலோன் பிரஷ்ஷால் தோல்வரி போன்ற அந்தக் கோடுகளுக்குள் தேய்த்துக் கழுவுங்கள். முப்பது வருட அழுக்கு அங்கேதான் ஒளிந்திருக்கும். நன்றாகக் காய்ந்ததும் 70 வீத ஐசோப்ரோப்பைல் அல்கஹோலைப் பஞ்சில் நனைத்துத் துடையுங்கள். பஞ்சு வெள்ளையாகவே வரும்வரை பஞ்சை மாற்றிக்கொண்டே இருங்கள். பார்மசியில் கேட்டால் சேர்ஜிகல் ஸ்பிரிட் தருவார்கள். அதில் ஆமணக்கெண்ணெய் கலந்திருப்பது வழக்கம், மெல்லிய எண்ணெய்ப் படலம் தங்கிவிடும், வேண்டாம். டெஷ்போட் பளபளக்கப் பூசும் சிலிக்கோன் பொலிஷ் முன்பு எப்போதாவது பட்டிருந்தால் பெயிண்ட் மீன்கண் போல வட்டம் வட்டமாக விலகி ஓடும். அப்படிப்பட்ட ஸ்டியரிங்கிற்குச் சோப்புக் கழுவலும் அல்கஹோல் துடைப்பும் இரண்டு மூன்று தடவை வேண்டும். தின்னரும் அசிட்டோனும் யூரித்தேனின் மேற்தோலைக் கரைத்துவிடும், கிட்டக் கொண்டுவராதீர்கள்.

பிறகு 600 நம்பர் வோட்டர் பேப்பரை (தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் மணல்தாள்) நனைத்து மினுக்கம் போகும்வரை மட்டும் இலேசாகத் தேயுங்கள். வரிகளை அழித்துவிடக்கூடாது. ஹோர்ன் மூடியையும் சுவிட்சுகளையும் டேப்பால் மறையுங்கள். 20 முதல் 25 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்து, முதல் கோட் பெயிண்டை அடியிலுள்ள நிறம் தெரிய, தூவினாற்போல அடியுங்கள். அதன்மேல் இன்னும் நான்கு மெல்லிய கோட். கொழும்பில் கோட்டுக்குக் கோட் 10 நிமிடம் விட்டால் போதும். நானுஓயாக் குளிரில் 20 முதல் 30 நிமிடம் விடுங்கள். அடிக்கும் முன் தகரத்தைக் கை தாங்கும் சூட்டு நீரில் ஐந்து நிமிடம் வைத்தால் தூவல் மெலிதாக வரும். கொதிநீர் கூடாது, தகரம் வெடிக்கும்.

மினுக்கம் வேண்டாம். மட் அல்லது சாட்டின் என்று கேட்டு வாங்குங்கள். இறம்பொடை வளைவுகளில் ஸ்டியரிங்கை முழுச்சுற்றுச் சுற்றி உடனே திருப்பி விடவேண்டியிருக்கிறது. மழையில் நனைந்த கையோடு பளபளப்பான வளையத்தைப் பிடித்தால் வழுக்கும். மலைப்பாதையில் ஓட்டுபவர் அழகுக்காக இதை விட்டுக்கொடுக்கக்கூடாது.

முதலில் கீழ்க்கம்பியின் பின்புறம் ஓர் அங்குல இடத்தில் அடித்துப் பாருங்கள். ஒரு நாள் கழித்து பிளேடால் இரண்டு குறுக்குக் கோடு கீறி, டேப் ஒட்டிச் சட்டென இழுங்கள். பெயிண்ட் டேப்போடு வந்தால் சுத்தம் போதவில்லை என்று பொருள். இந்தச் சோதனைக்குப் போகும் ஒரு நாள், பிறகு முழுவதையும் உரித்து மறுபடி அடிக்கும் ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும்.

கேள்வி (பண்டாரவளை): தோல் சுற்றிய ஸ்டியரிங் வெளுத்துவிட்டதால் கறுப்பு சப்பாத்துப் பொலிஷ் பூசினேன். இப்போது கையெல்லாம் கறுப்பு. மாரியில் வெள்ளைப் பூஞ்சணமும் பிடிக்கிறது. தோலை மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: தோல் கிழியாமல், தையல் விடாமல் இருந்தால் மாற்ற வேண்டியதில்லை. சப்பாத்துப் பொலிஷ் என்பது மெழுகும் சாயமும். சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதில்லையே. ஸ்டியரிங்கிலோ கைச்சூட்டில் மெழுகு இளகி நிறம் கையில் ஏறுகிறது. அதை முழுதாக எடுக்காமல் மேலே எதைப் பூசினாலும் ஒட்டாது.

ஐசோப்ரோப்பைல் அல்கஹோல் நனைத்த பஞ்சால் ஒரு சாண் சாணாகத் துடையுங்கள். தோலை ஊற வைக்காதீர்கள். சுருங்கித் தையலை இழுக்கும். பூஞ்சணமும் இந்தத் துடைப்பிலேயே போகும். காய்ந்ததும் 1000 நம்பர் பேப்பரால் சொரசொரப்பான இடத்தை மட்டும் நீவுங்கள். வெடிப்பிருந்தால் தோலுக்கான ஃபில்லரை விரல் நுனியால் மிக மெலிதாக இரண்டு மூன்று தடவை நிரப்பி, ஒவ்வொரு தடவையும் காய்ந்தபின் நீவுங்கள். ஒரே தடவையில் தடிப்பாக அப்பினால் நடுவில் காயாமல் பிறகு குழிவிழும்.

நிறத்துக்கு, தண்ணீர் அடிப்படையிலான தோல் நிறப்பூச்சு வாங்குங்கள். ஊறும் சாயமும் இதுவும் ஒன்றல்ல. சாயம் தோலுக்குள் இறங்கும், மேலே படலம் இருக்காது, ஈரக் கைபட்டால் மறுபடி கசியும். நிறப்பூச்சு மேலே படிந்து வளையும் படலமாகும். 100 மில்லிலீற்றர் போத்தலில் பாதி செலவாகும். பஞ்சுத் துண்டில் தொட்டு, முதல் கோட்டை அழுத்தித் தேய்த்தும், அடுத்த நான்கைத் தட்டித் தட்டியும் பூசுங்கள். ஒவ்வொன்றையும் ஹேர் டிரையரால், ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் பிடித்து உலர்த்துங்கள். கடைசியில் மட் பாதுகாப்புப் பூச்சு இரண்டு கோட். தொட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்தது போலிருக்கும், ஆனால் உள்ளே இறுக நாட்கள் வேண்டும். ஊவாப் பக்கத்தில் ஆடி ஆவணியில் கச்சான் காற்று வறண்டு வீசும், உங்களுக்கு அதுதான் நல்ல காலம். வடகீழ் மாரியில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

கேள்வி (ஹற்றன்): மொரிஸ் மைனர் ஸ்டியரிங்கில் கம்பி சேரும் இடங்களில் வெடிப்பு. பட்டி வைத்து கிறீம் நிறம் அடித்தோம். மறுநாளே பால் படிந்தது போல் வெளுத்துவிட்டது. பெயிண்ட் கெட்டதா?

பதில்: பெயிண்ட் கெட்டதல்ல, காற்றிலிருந்த ஈரம். லக்கர் வகைப் பெயிண்டில் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு சட்டெனக் குளிரும். காற்று ஈரமாக இருந்தால் நீர் அதில் வியர்த்துப் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்ளும். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேல் பருவமழை ஹற்றனை விடுவதில்லை. அந்த மாதங்களில் இது எதிர்பார்க்க வேண்டியதே. நல்ல செய்தி என்னவென்றால், வெண்மை மேற்பரப்பில் மட்டும் இருந்தால் ரிட்டாடர் எனப்படும் மெதுவாக ஆவியாகும் தின்னரை, மழையில்லாத நண்பகலில், புகைபோல மெலிதாக மேலே தூவினால் பூச்சு சற்று இளகி ஈரம் வெளியேறித் தெளியும். தெளியாவிட்டால் நீவி எடுத்து மறுபடி அடிப்பதே வழி. அடுத்த தடவை தை, மாசி மாதத்து வெயில் நாளொன்றில் காலை பத்துக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இடையில் அடியுங்கள். விடியற்காலைக் குளிரிலிருந்து எடுத்த ஸ்டியரிங்கை அப்படியே அடிக்காமல், முதலில் வெயிலில் வைத்துச் சூடேற்றுங்கள்.

இனிப் பட்டி. உங்கள் வெடிப்பு மறுபடி வரக்கூடும் என்பதால் இதையும் சொல்கிறோம். உள்ளே இரும்பு வளையம், வெளியே கெட்டிப் பிளாஸ்டிக். வெயிலிலும் குளிரிலும் இரண்டும் ஒரே அளவில் நீள்வதில்லை. பிளாஸ்டிக் வயதாகச் சுருங்கவும் செய்கிறது. அதனால்தான் கம்பி சேரும் இடத்தில் பிளக்கிறது. வெடிப்பின் மேல் பட்டியை இழுத்து மூடினால் ஒரு குளிர்காலம் கூடத் தாங்காது. அரம் அல்லது வாள்தகட்டால் வெடிப்பை வி வடிவில் 4, 5 மில்லிமீற்றர் அகலத்துக்குத் திறந்து, அடியில் இரும்பு தெரியும்வரை போங்கள். துருவைச் சுரண்டி எடுங்கள். காரின் உடற்பகுதிக்குப் போடும் பொலியெஸ்டர் பட்டி இங்கே நொறுங்கும்; இரண்டு பகுதி எபொக்சிப் பட்டியைச் சம அளவில், நிறம் ஒன்றாகும்வரை பிசைந்து, குழிக்குள் அமுக்கிச் சற்று மேடாக விடுங்கள். 24 மணி நேரத்தில் இறுகும் என்று போட்டிருப்பது வெப்பமான இடத்துக்கு. 15 பாகைக்குக் கீழே எபொக்சி மிக மெதுவாகவே இறுகும், ஆகவே உங்கள் ஊரில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு 80, 180, 320 நம்பர் என்று வரிசையாகத் தேய்த்து, எபொக்சி பிரைமர், அதை 400 நம்பரில் ஈரத்தேய்ப்பு, மேலே பெயிண்ட்.

கடினமான, நீடித்து உழைக்கும் பூச்சு வேண்டுமென்றால் ஹார்ட்னர் கலக்கும் இரண்டு பகுதிப் பெயிண்ட்தான். ஆனால் அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. துணி முகமூடி அதைத் தடுக்காது, நுரையீரலைப் பாதிக்கும். அதை வீட்டு முற்றத்தில் அடிக்காமல், ஸ்டியரிங்கைக் கழற்றி, முறையான வசதியுள்ள பெயிண்ட் கராஜில் கொடுங்கள். இன்னொன்று: வெடிப்பைத் திறந்தபோது உள்ளே இரும்பு அரித்து மெலிந்திருந்தாலோ, கம்பியின் வெல்டிங் விட்டிருந்தாலோ நிறத்தை மறந்துவிடுங்கள். அந்த ஸ்டியரிங் இனி ஓடக்கூடாது.

கேள்வி (தலவாக்கலை): ஸ்டியரிங் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. எவ்வளவு கழுவியும் போகவில்லை. அதன்மேல் பெயிண்ட் அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். இது அழுக்கல்ல, யூரித்தேனே ஈரத்தால் சிதைந்து இளகுவது. மேலே அடிக்கும் பூச்சு ஒருபோதும் இறுகாது. இரண்டு வழிதான் உண்டு: வேறு ஸ்டியரிங் தேடுவது, அல்லது இளகிய மேற்தோலைத் துடைத்து எடுத்துவிட்டு குஷன் வேலை செய்பவரிடம் தோல் சுற்றித் தைப்பது. சுற்றுவதானால் 1.0 முதல் 1.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள தோல், மெழுகிட்ட பொலியெஸ்டர் நூல். பிடிவளையத்தின் தடிப்பை நூலால் நாலு இடத்தில் அளந்து கொடுங்கள், எல்லா இடமும் ஒன்றாக இராது. அளந்ததை விடத் தோலைச் சற்றுக் குறைவாக வெட்டினால்தான் இழுத்துத் தைக்கும்போது விறைப்பாக உட்காரும். தளர்ந்த உறை வளைவில் கையோடு சுழலும், அது ஆபத்து. கடையில் விற்கும், மேலே மாட்டிக்கொள்ளும் உறைகளையும் இதே காரணத்துக்காக நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி (வெலிமடை): கறுப்பு ஸ்டியரிங்கை வெளிர் பழுப்பாக்க முடியுமா?

பதில்: முடியும், நிலைக்காது. கை தேயும் இடத்தில் அடியிலுள்ள கறுப்பு எட்டிப் பார்க்கும். வெளிரிலிருந்து கடும் நிறத்துக்குப் போவதே நீடிக்கும்.

கேள்வி (பதுளை): கழற்றி அடித்து மறுபடி பூட்டினோம். இப்போது நேராக ஓடும்போது ஸ்டியரிங் சரிந்து நிற்கிறது. இண்டிகேட்டரும் தானாக அணைவதில்லை.

பதில்: பல் மாறிப் பூட்டியிருக்கிறீர்கள். தண்டில் 36 பல் இருந்தால் ஒரு பல் தவறினாலே 10 பாகை சரியும். இண்டிகேட்டரை அணைக்கும் முனை ஸ்டியரிங்கின் அடியில்தான் இருக்கிறது, அதுவும் சேர்ந்து விலகும். முன்சில்லுகளை நேராக நிறுத்தி மறுபடி கழற்றிப் பூட்டுங்கள்.

கழற்றும் முறையையும் சொல்லிவிடுகிறோம். பற்றரியின் மறை முனையை எடுங்கள். ஹோர்ன் மூடியைக் கழற்றி, நடு நட்டை (ஜப்பான் கார்களில் பெரும்பாலும் 19 மில்லிமீற்றர் சொக்கட்) தளர்த்துங்கள். முழுதாக எடுக்காமல் நுனியில் இரண்டு சுற்று விட்டுவையுங்கள், வீல் திடீரென விடுபட்டு முகத்தில் அடிக்காது. தண்டிலும் வீலிலும் சேர்த்து ஒரு கோடு கீறுங்கள். பிறகு வீலை இழுத்துக் கழற்றும் புல்லரைப் போடுங்கள். தண்டைச் சுத்தியலால் அடிக்கவே கூடாது, விபத்தில் உள்வாங்கும்படி செய்த தண்டுகள் அந்த அடியில் கெடும். பூட்டும்போது நட்டை, காரின் கைநூலில் உள்ள அளவுக்கு டோர்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) முறுக்குங்கள். முதலில் தாழ்ந்த வேகத்தில், சமதரையில் இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள்.

நடுவில் எஸ்.ஆர்.எஸ். என்ற எழுத்து இருந்தால் அது எயார்பேக். அதை வீட்டில் கழற்றாதீர்கள், அதன் மூடிக்குப் பெயிண்டும் அடிக்காதீர்கள். மூடி கிழிய வேண்டிய மெல்லிய கோடு பூச்சால் தடைபடலாம். அப்படிப்பட்ட காரில் டேப்பால் மறைத்து, பிடிவளையத்துக்கு மட்டும் கையால் பூசும் நிறமே சரி.