வாசகர் கேள்வி – பதில்: தொல்குடி அறிவும் இன்றைய ஆய்வும்

கேள்வி: ஐயா, தொல்குடி மக்களின் அறிவு வழிவழியாகக் கேட்டு நம்பப்பட்டதே தவிர, சோதித்து அறியப்பட்டது அன்று; ஆகவே அதை அறிவியலுக்கு அருகில் வைக்க இயலாது என்று எங்கள் கல்லூரிக் கருத்தரங்கில் ஒருவர் பேசினார். தங்கள் கருத்து என்ன?

பதில்: அந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. காரணத்தை ஒரு நிகழ்வைக் கொண்டு சொல்கிறேன். அலாஸ்காவின் வடகரையில் வாழும் இனுபியாட் மக்கள், போஹெட் என்னும் திமிங்கிலத்தைத் தொன்றுதொட்டு வேட்டையாடி வருபவர்கள். அந்த இனத்தில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன என்று கருதிய பன்னாட்டுத் திமிங்கில ஆணையம், 1977ஆம் ஆண்டு அவ்வேட்டைக்குத் தடை விதித்தது. பனிப்பாளத்தின் விளிம்பில் நின்று, திறந்த நீர்வழியில் கடந்து செல்லும் திமிங்கிலங்களை எண்ணியதே அந்தக் கணக்குக்கு அடிப்படை. வேட்டைக்காரர்களோ, திமிங்கிலங்கள் பனிக்கு அடியிலும் நீந்திச் செல்கின்றன, மூச்சு விடுவதற்குப் பனியை முட்டி உடைக்கின்றன, கண்ணுக்கு எட்டாத தொலைவிலும் பெருந்திரளாகப் போகின்றன என்று எடுத்துரைத்தார்கள். அதன்பின் ஆய்வாளர்கள் நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கியும் விமானத்தில் பறந்தும் எண்ணியபோது, வேட்டைக்காரர்கள் சொன்னதே சரி என்று தெரிந்தது. இனம் பெருகியதும் சேர்ந்து, 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எண்ணிக்கை 10,000ஐத் தாண்டியிருந்தது.

அந்த வேட்டைக்காரர்களின் சொல் நம்பிக்கையிலிருந்து வந்ததன்று. பனியின் மேல் நடந்து பிழைப்பவர்களுக்குக் கணிப்பு தவறினால் உயிர் போகும். அதைவிடக் கடுமையான சோதனை எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை. இந்தோனேசியாவின் சிமெயுலுவே தீவில் 1907ஆம் ஆண்டு ஆழிப்பேரலை தாக்கிய பின், நிலம் பெரிதாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓட வேண்டும் என்னும் செய்தியை ‘ஸ்மோங்’ என்ற ஒரே சொல்லில் பொதிந்து, பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் போது, நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தும், சுமார் 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தவர்கள் 7 பேர் மட்டுமே என்று பதிவாகியுள்ளது.

தொல்குடியினர் சொல்வது அனைத்தும் சரி என்று நான் வாதிடவில்லை. ஒவ்வொரு கூற்றையும் அதற்குரிய இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு முன்பே தள்ளிவிடுவதுதான் பிழை. தமிழில் ‘பழங்குடி அறிவு’ என்று சொல்லும்போதே ‘பழைய’ என்னும் பொருள் ஒட்டிக்கொள்வதும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அது பழையதை அப்படியே காத்து வைத்திருக்கும் அறிவன்று; ஒவ்வொரு பருவத்திலும் திருத்தப்பட்டு வரும் அறிவு.

கேள்வி: பெரியவர்கள் மறைவதற்குள் இவை அனைத்தையும் எழுதிக் கணினியில் சேமித்துவிட்டால் போதாதா?

பதில்: எழுதி வைப்பதன் பயனை நான் மறுக்கவில்லை. மஞ்சளால் புண்ணை ஆற்றும் முறைக்கு 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமை, இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூற்சான்றுகளைக் காட்டியதால் 1997ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. ஆனால் அங்கே காட்டுவதற்கு ஏடு இருந்தது. வாய்மொழியாக மட்டும் வழங்கும் அறிவுக்கு அத்தகைய சான்று இல்லை. அதை எழுதிப் பொதுவில் வைத்துவிட்டாலோ, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், கொடுத்தவர்களுக்கு அதன்மேல் எந்தப் பிடியும் இராது.

இதைவிட ஆழமான தடை ஒன்றும் உண்டு. ஆஸ்திரேலியாவின் மேற்கு ஆர்னெம் நிலப்பகுதியில் தொல்குடி மக்கள், வறட்சிக் காலத்தின் தொடக்கத்திலேயே சிறு சிறு தீ மூட்டிப் புல்லை எரித்துவிடுகிறார்கள். அதனால் பிற்பகுதியில் மூளும் பெருந்தீ தடுக்கப்படுகிறது. 2006 முதல் இது பசுமைக்குடில் வாயுவைக் குறைக்கும் திட்டமாகவே நடந்து வருகிறது. எந்தப் புல் எவ்வளவு காய்ந்திருக்கிறது, மாலையில் காற்று எப்படித் திரும்பும் என்பதை அந்த நிலத்தில் நடந்து பழகியவர்களே அறிவார்கள். கணினியில் ஏற்றிய குறிப்பு நிலைத்திருக்க, அந்த மக்கள் நிலத்தை விட்டு அகற்றப்பட்டால், தீ மூட்ட எவரும் இருக்கமாட்டார்.

கேள்வி: ஆற்றை உயிருள்ள ஆளாகக் கருதுவது கவிதைக்கு ஏற்றது, சட்டத்திலும் ஆட்சியிலும் அதற்கு என்ன இடம்?

பதில்: நியூசிலாந்து 2017ஆம் ஆண்டு இயற்றிய சட்டம் வாங்கனுயி ஆற்றைச் சட்டப்படியான ஆளாக ஏற்று, அதன் சார்பில் பேச இருவரை அமர்த்தியது. 1870களிலிருந்து அந்நாட்டுத் தொல்குடியினரான மாவோரி மக்கள் விடாமல் முறையிட்டதன் விளைவு அது. ‘ஆறு யாருக்குச் சொந்தம்?’ என்று சட்டம் கேட்டுக்கொண்டிருந்த இடத்தில், ‘ஆற்றுக்கு நாம் செய்ய வேண்டியது என்ன?’ என்னும் கேள்வியை அவர்களுடைய உலகநோக்கு கொண்டுவந்து வைத்தது. கேள்வி மாறியதால் ஆட்சிமுறையும் மாறியது.

கேள்வி: நான் முனைவர் பட்ட மாணவி. தொல்குடி மக்களிடையே கள ஆய்வுக்குச் செல்லவிருக்கிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: தங்கள் கேள்வியே மகிழ்ச்சி தருகிறது. முதலில் ஒரு தவற்றை அறிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் வாழும் ஹவசுபாய் மக்கள், தங்களிடையே பரவியிருந்த நீரிழிவு நோய்க்குக் காரணம் காண்பதற்காக என்று எண்ணி, 1990ஆம் ஆண்டு முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு இரத்தம் கொடுத்தார்கள். அதே இரத்தம் மனச்சிதைவு, நெருங்கிய உறவில் மணம், அவர்களுடைய மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்பன பற்றிய ஆய்வுகளுக்கும் பயன்படுத்தப்பட்டது. தாங்கள் அந்த நிலத்திலேயே தோன்றியவர்கள் என்று நம்பும் மக்களுக்கு அது எத்தகைய காயம் என்பதை எண்ணிப் பாருங்கள். வழக்கு நடந்து, 2010ஆம் ஆண்டு 7,00,000 டாலர் இழப்பீட்டுடன் எஞ்சிய இரத்த மாதிரிகளும் திருப்பித் தரப்பட்டன.

தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் 2017ஆம் ஆண்டு தங்களை ஆய்வு செய்ய வருவோருக்குத் தாங்களே ஒரு நெறிமுறையை வகுத்தார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், பரிவு ஆகியவற்றோடு, முறைப்படி ஒப்புதல் பெறுவதையும் அது வலியுறுத்துகிறது. புறப்படுவதற்கு முன் அதைப் படியுங்கள். ஆய்வுக் கேள்வியை இங்கேயே முடிவு செய்து கொண்டுபோகாமல், அவர்கள் எதை அறிய விரும்புகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். தனி ஒருவர் கையொப்பமிட்டால் போதும் என்று இராமல், ஊர் கூடி முடிவு செய்யும் வழக்கம் இருந்தால் அதற்குக் காத்திருங்கள். அதற்காக ஆறு மாதம் கூடுதலாக ஆனாலும் ஆகட்டும். தங்களுக்குக் கற்பித்தவர்கள் விரும்பினால் அவர்கள் பெயரை நன்றியுரையில் ஒதுக்காமல் ஆசிரியர் வரிசையிலேயே இடம்பெறச் செய்யுங்கள். ஆய்வேட்டின் சுருக்கத்தை அவர்கள் மொழியில் எழுதி, அச்சுக்குப் போவதற்கு முன் அவர்கள் கூடும் இடத்தில் வாசித்துக் காட்டுங்கள். வெளியிட வேண்டாம் என்று அவர்கள் சொல்லும் பகுதி ஆய்வுக்கு எவ்வளவு இன்றியமையாததாகத் தோன்றினாலும், அதை நீக்கிவிடுங்கள்.