ரப்பர் யூனிட்டில் விபத்து நடந்தால் சட்டப்படி யார் பொறுப்பு?

கேட்டவர் மதுரை கப்பலூரில் அப்பாவும் சித்தப்பாவும் நடத்திவந்த ரப்பர் யூனிட்டில் புதிதாகப் பங்குதாரர் ஆகியிருக்கிறார். மஸ்டர் ரோலில், அதாவது யூனிட்டின் சொந்த வருகைப் பதிவேட்டில், 9 பேர்; கான்ட்ராக்டில் 13 பேர். லைசென்ஸ், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எல்லாவற்றையும் ஒரு கன்சல்டன்ட் பார்த்துக்கொள்கிறாராம். நாளைக்கு ஏதாவது நடந்தால் பொறுப்பு கன்சல்டன்டுக்கா, சூப்பர்வைசருக்கா, கான்ட்ராக்டருக்கா என்பது கேள்வி.

உங்களுக்குத்தான். சட்டம் 'ஆக்குபையர்' என்று ஒருவரைத் தேடும். தொழிற்சாலையின் மீது முழு அதிகாரம் உள்ளவர் அவர். பார்ட்னர்ஷிப் என்றால் பங்குதாரர்களில் யாராவது ஒருவர், கம்பெனி என்றால் டைரக்டர்களில் ஒருவர். கன்சல்டன்ட் ஃபாரம் நிரப்பலாம், ஃபீஸ் கட்டலாம், ஆபீஸுக்கு அலையலாம். அந்தப் பொறுப்பை மட்டும் அவரால் வாங்கிக்கொள்ள முடியாது.

இதைப் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன்னால் மதுரைப் பக்கம் ஒரு யூனிட்டில் நான் ஷிப்ட் சூப்பர்வைசர். ரப்பரை இரண்டு ரோலுக்கு நடுவே விட்டுக் கலக்கும் மிக்ஸிங் மில்லுக்கு முன்னால், அவசரத்தில் நிறுத்த ட்ரிப் பார் என்று ஒரு கம்பி உண்டு, உங்கள் மில்லிலும் இருக்கும். இழுத்தாலோ தள்ளினாலோ கரன்ட் கட்டாகி, பிரேக் பிடித்து ரோல் நிற்க வேண்டும். ரப்பர் கலவையை மடித்துப் போடும்போது வயிறு லேசாகப் பட்டாலும் மில் நின்றுவிடுகிறது, வேலை கெடுகிறது என்று யாரோ அதைக் கட்டுக்கம்பி போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார்கள். மூன்று மாதம் நான் தினமும் அந்தக் கம்பியைக் கடந்து போனேன். ஒரு நைட் ஷிப்டில் உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் ஒருவனின் கையுறை ரப்பரோடு ஒட்டி ரோலுக்குள் போனது. மெயின் ஸ்விட்ச் பத்தடி தள்ளிச் சுவரில் இருந்தது. நான் ஓடிப்போய் அணைப்பதற்குள் வலது கையில் நான்கு விரல் போய்விட்டது.

விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரைக் கேட்கவில்லை. நேராகப் போய் அந்தக் கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தார். "இதை யார் கட்டினது?" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. "சரி, இதை யார் பார்த்திருக்கணும்?" என்றார். சட்டம் முழுக்க அந்த இரண்டாவது கேள்விதான். முதலாளி, தான் ஷாப் ஃப்ளோருக்கே வருவதில்லை என்றார். அதையும் இன்ஸ்பெக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். வழக்கு முதலாளி மேலும் மேனேஜர் மேலும் வந்தது. வேறொருவர் செய்த தவறு என்று காட்டித் தப்பிக்கச் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. ஆனால் அதற்கு, நாம் முழுக் கவனத்தோடு இருந்தோம், நமக்குத் தெரியாமல்தான் நடந்தது என்று நிரூபிக்க வேண்டும். மூன்று மாதமாகக் கண்ணெதிரே கிடந்த கம்பியை எப்படித் தெரியாது என்பது?

ரப்பர் மில்லுக்கென்றே விதிகளில் தனிப் பகுதி உண்டு. ட்ரிப் பாரை மேனேஜரோ பொறுப்பான ஒருவரோ முன்னின்று தினமும் சோதிக்க வேண்டும் என்கிறது அது. எத்தனை யூனிட்டில் செய்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனசு பதறுகிறது.

9 பேர்தானே என்ற கணக்கையும் விட்டுவிடுங்கள். அச்சில் வார்த்த ரப்பரின் ஓரத்தில் பிதுங்கி நிற்கும் ஃப்ளாஷை வெட்டும் ட்ரிம்மிங் ஆட்கள் கான்ட்ராக்டர் மூலம் வந்தாலும் தொழிலாளர்தான், உங்கள் எண்ணிக்கை 22. பழைய 1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் கரன்டில் ஓடும் இடத்துக்கு 10 பேர் இருந்தாலே போதும் என்று இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்திருக்கும் புதிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பில் அது 20. எந்தக் கணக்கில் பார்த்தாலும் நீங்கள் உள்ளே வருகிறீர்கள். புதிய தொகுப்பின்படி, ஆக்குபையரோ முதலாளியோ கடமை தவறி ஒரு உயிர் போனால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், இல்லை இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் குடும்பத்துக்குத் தரச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. பாதுகாப்புச் சாமானுக்கு என்று ஆட்களின் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது. ஈஎஸ்ஐயில் 22 பேரில் யார் யார் இருக்கிறார்கள் என்று இன்றைக்கே பாருங்கள். அடிபட்ட பிறகு பெயர் சேர்க்க ஓடுவதைப் பார்த்திருக்கிறேன், அது ரொம்பக் கேவலமான ஓட்டம்.

அப்புறம் யூனிட்டுக்குப் பின்பக்கம். கன்சல்டன்ட் வாங்கிக் கொடுத்த கன்சென்ட், அதாவது மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, ஃபைலில் முதல் பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள், பின்னால் இருக்கும் நிபந்தனைகளை யாரும் படிப்பதில்லை. 1974 நீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் உங்களைக் கட்டுப்படுத்துவது அந்த நிபந்தனைகள்தான். ஃப்ளாஷ் கழிவைச் சாயந்திரம் கண்மாய்க் கரையில் கொட்டிக் கொளுத்தும் பழக்கம் உங்கள் யூனிட்டில் இருந்தால் நாளையோடு நிறுத்துங்கள். கந்தகம் கலந்த ரப்பர் புகை அது. கரையில் மாடு மேய்க்கிறவர்களும் அந்தக் காற்றைத்தான் மூச்சு விடுகிறார்கள். ரப்பரை அச்சில் அழுத்தும் பிரஸ்ஸிலிருந்து வடிக்கும் பழைய ஹைட்ராலிக் ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு. சென்ட்ரிங் பலகைக்குப் பூச என்று டின்னோடு வருகிறவருக்கு விற்கக் கூடாது. அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் கொடுக்க வேண்டும். யூனிட்டில் 90 நாளுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். செப்டிக் டேங்க் நிறைந்தால் ஆளை உள்ளே இறக்காதீர்கள். ஆயிரம் ரூபாய்க்கு இறங்க ஆள் வருவார், பழக்கம்தான் என்றுகூடச் சொல்வார். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி இறக்குகிறவருக்கு முதல் தடவையே இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். லாரியை வரவழைத்து உறிஞ்சி எடுங்கள்.

இனி உங்கள் வேலை. கன்சல்டன்டிடம் இருக்கும் ஒரிஜினல் எல்லாவற்றையும் உங்கள் மேசைக்குக் கொண்டுவாருங்கள். காலை ஷிப்ட் தொடங்கும்போது மில்லுக்கு முன்னால் நீங்களே நின்று ட்ரிப் பாரைத் தள்ளிப் பாருங்கள். ரோல் நிற்கிறதா, நிற்பதற்குள் எவ்வளவு சுற்றுகிறது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, கையெழுத்துப் போடுங்கள். மில்லில் நிற்பவர் தொளதொள கையுறை, முழுக்கைச் சட்டை, கழுத்தில் துண்டு என்று இருந்தால் கழற்றச் சொல்லிவிட்டு ஸ்விட்சைப் போடுங்கள். லைசென்ஸில் ஆக்குபையர் இடத்தில் இன்னும் சித்தப்பா பெயர்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அவர் வயதான காலத்தில் வீட்டில் உட்கார்ந்திருக்க, யூனிட்டை நீங்கள் நடத்துகிறீர்கள் என்றால், அவரோடு உட்கார்ந்து பேசி இந்த வாரமே பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.