பழைய புத்தகம் போதுமா?

கேள்வி: என் மகள் ப்ளஸ் டூவில் இயற்பியல், கணிதம் படித்தவள். பைலட் ஆக ஆசைப்படுகிறாள். பைலட் தேர்வுக்கான பழைய புத்தகங்கள் மலிவாகக் கிடைக்கின்றன, வாங்கலாமா? பயிற்சிப் பள்ளியை எப்படித் தேர்ந்தெடுப்பது?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அம்மா, முதலில் மருத்துவப் பரிசோதனையை முடியுங்கள். வகுப்பு 2 மருத்துவச் சான்று, அப்புறம் வகுப்பு 1 சான்று. இரண்டிலும் தேறிய பிறகு பெரிய தொகையைக் கட்டினால் போதும்.

நேவிகேஷன் (வழி கணிப்பது), வானிலை இரண்டு பாடங்களுக்கும் பழைய புத்தகம் தாராளமாகப் போதும். விமானச் சட்டதிட்டங்களைச் சொல்லும் ஏர் ரெகுலேஷன்ஸுக்கு மட்டும் புதிய பதிப்பு வாங்குங்கள். 1934ஆம் ஆண்டு விமானச் சட்டம் போய், 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. விமானி உரிமம் தரும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ நடத்தும் தேர்வில் ஒவ்வொரு தாளிலும் 70 சதவீதம் எடுக்க வேண்டும்.

பள்ளி விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். நான் சேர்ந்த பள்ளியின் விளம்பரத்தில் ஆறு விமானங்கள் இருந்தன. பறந்தவை இரண்டுதான், மற்றவை உதிரிபாகம் வராமல் ஹேங்கரிலேயே (விமானக் கொட்டகை) நின்றன. ஒன்றரை ஆண்டில் முடிய வேண்டிய பயிற்சி மூன்று ஆண்டு இழுத்தது. அத்தனை மாதமும் என் அப்பா கடனுக்கு வட்டி கட்டினார். இன்றும் நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

அதனால் டிஜிசிஏ அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு நாள் காலையில் மகளோடு நேரில் போங்கள். எத்தனை விமானம் மேலே எழும்புகிறது என்று எண்ணுங்கள். அங்குள்ள மாணவர்களிடம் லாக்புக்கை (பறந்த நேரத்தைக் குறிக்கும் பதிவேடு) கேட்டு, போன மாதம் எத்தனை மணி நேரம் பறந்தார்கள் என்று பாருங்கள். கட்டணத்தை மொத்தமாகக் கேட்டால் சம்மதிக்காதீர்கள். பறந்த மணிக்கு ஏற்பத் தவணையாகக் கட்டுங்கள்.