அப்பாவின் நாக்கில் கோளாறு இல்லை

கேள்வி: என் அப்பாவுக்கு 62 வயது, மளிகைக் கடை வைத்திருந்தார். ஐந்து மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. இப்போது பிடித்துக்கொண்டு நடக்கிறார், பேச்சு மட்டும் திரும்பவில்லை. எதைக் கேட்டாலும் "அது வந்து... அது வந்து" என்கிறார். சில நேரம் "முருகா" என்று தெளிவாகச் சொல்கிறார், கோபம் வந்தால் கெட்ட வார்த்தை சுத்தமாக வருகிறது. போன வாரம் அம்மாவை "அக்கா" என்று கூப்பிட்டார், அம்மா நாள் முழுக்க அழுதார். பக்கத்து வீட்டில் வசம்பை நாக்கில் தடவச் சொல்கிறார்கள். தம்பி அரிச்சுவடி வாங்கி வந்து அ, ஆ சொல்லித் தருகிறான். ஸ்பீச் தெரபிக்கு 60 கிலோமீட்டர் போக வேண்டும், வாரம் ஒரு நாள்தான் முடிகிறது. ஆறு மாதம் தாண்டினால் இனி வராது என்கிறார்கள். உண்மையா? வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்? (திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு மகள்)

பதில்: அந்த ஆறு மாதக் கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். அது எங்கிருந்து வந்தது என்றால், முதல் மூன்று மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், மூளையில் வீக்கம் வடிகிறது, அடிபடாத பகுதிகள் பழையபடி வேலைக்குத் திரும்புகின்றன. அதற்குப் பிறகு வேகம் குறையும், ஆனால் நின்றுவிடாது. 2017-ல் லான்செட் இதழில் வந்த ஜெர்மனி ஆய்வில் சேர்ந்தவர்கள் எல்லோருமே பக்கவாதம் வந்து ஆறு மாதம் தாண்டியவர்கள்தான். வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் என்று மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள், அன்றாடப் பேச்சு தேறியது, பயிற்சிக்காகக் காத்திருந்தவர்களுக்கு அந்த மூன்று வாரத்தில் எதுவும் மாறவில்லை. முழுசாகப் பழையபடி பேசுவாரா என்று கேட்டால் என்னால் சத்தியம் பண்ண முடியாது, மூளையில் எவ்வளவு இடம் அடிபட்டது, ஆரம்பத்தில் எவ்வளவு பேச்சு போயிருந்தது என்பதைப் பொறுத்தது அது. இன்றைக்கு இருப்பதைவிட நன்றாகப் பேசவைக்க முடியுமா என்றால், முடியும்.

சரி, அவருக்கு என்னதான் ஆகியிருக்கிறது? நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது. "முருகா" தெளிவாக வருகிறது, திட்டும்போது வார்த்தை சுத்தமாக வருகிறது. நாக்கும் தொண்டையும் கெட்டுப்போயிருந்தால் அதுவும் குழறித்தானே வரும்? அடி விழுந்தது மூளையின் இடது பக்கத்தில், பெரும்பாலானவர்களுக்கு மொழி குடியிருப்பது அங்கேதான், வலது கையை ஆட்டுவதும் அதே பக்கம். அதனால்தான் இரண்டும் சேர்ந்தே போயின. இதற்குப் பெயர் அஃபேசியா. 1861-ல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் பார்த்த ஒரு நோயாளி எதைக் கேட்டாலும் "டான், டான்" என்று மட்டும் சொல்வார், கோபம் வந்தால் ஒரு வசவு மட்டும் வரும். அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தால் இடது முன்பக்கம் சிதைந்திருந்தது. உங்கள் அப்பாவின் "அது வந்து"வும் அந்த "டான்" மாதிரிதான். சாமி பேர், வசவு, எண்ணிக்கை, பாட்டு இதெல்லாம் யோசிக்காமல் தானாக வருபவை, வேறு வழியாக வருகின்றன. யோசித்து ஒரு சொல்லைத் தேடி எடுக்கும் இடத்தில்தான் அவர் மாட்டிக்கொள்கிறார்.

கடைக்காரர் வீட்டுக்குக் கடைக் கணக்கிலேயே சொல்கிறேன். குடோனில் சரக்கு அப்படியே இருக்கிறது, எடுத்துக் கொடுக்கிற பையனுக்குத்தான் அடுக்கு மறந்துபோச்சு. துவரம் பருப்பு கேட்டால் பக்கத்தில் இருக்கிற உளுந்தை எடுத்து நீட்டுகிறான். அம்மாவை "அக்கா" என்றதும் இதேதான், இரண்டுமே வீட்டுப் பெண்களின் பெயர் இருக்கும் அடுக்கு. இதை அம்மாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள். அவர் யாரென்று தெரியாமல் கூப்பிடவில்லை, சரியான ஆளைத்தான் கூப்பிட்டார், வேறு சொல் வாயில் வந்துவிட்டது.

வசம்பு வேண்டாம். நாக்கில் இல்லாத கோளாறுக்கு நாக்கில் மருந்து போட்டு என்ன ஆகப் போகிறது? அதோடு பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு விழுங்குவதும் சரியாக இருக்காது, தேனில் குழைத்து எதையாவது தடவப் போய் அது மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரை போகும். தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறாரா, குடித்தபின் குரல் கரகரவென்று ஈரமாகக் கேட்கிறதா என்று கவனியுங்கள், இருந்தால் தெரபிஸ்ட்டிடம் உடனே சொல்லுங்கள், அதைப் பார்ப்பதும் எங்கள் வேலைதான். பலூன் ஊதுவது, நாக்கை நீட்டி மடக்குவது இதெல்லாம்கூட அஃபேசியாவுக்கு உதவாது. வாய்த் தசை பலவீனமாகிப் பேச்சு குழறுகிறவர்களுக்கு வேறு பயிற்சி உண்டு, சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும், அதைப் பிரித்துப் பார்த்துச் சொல்ல வேண்டியது தெரபிஸ்ட்.

அரிச்சுவடியும் வேண்டாம், தம்பி மனசு நல்ல மனசுதான், இருந்தாலும் வேண்டாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே இந்தத் தப்பைச் செய்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், அவர் முன்னால் ஆப்பிள், பந்து, பொம்மை என்று குழந்தைகளுக்கான பட அட்டைகளைப் பரப்பினேன். இடது கையால் அத்தனையையும் மேசையிலிருந்து தள்ளிவிட்டார், அடுத்த இரண்டு வாரம் வரவே இல்லை. பிறகு பள்ளிக்கூட வருகைப் பதிவேடும் பழைய குரூப் போட்டோவும் கொண்டு வரச் சொல்லித் தொடங்கினோம், அதிலிருந்துதான் பேச்சு நகர்ந்தது. தனி எழுத்துக்கு அர்த்தம் கிடையாது, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. வாழ்ந்து பழகிய சொல்லுக்கு நூறு பிடி இருக்கிறது. இன்னொன்று, பேச முடியாவிட்டால் எழுதிக் காட்டட்டுமே என்று சிலேட்டைக் கொடுப்பார்கள். அஃபேசியாவில் பெரும்பாலும் எழுத்தும் படிப்பும் சேர்ந்தே அடிபடும், எழுதவில்லை என்றால் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"அப்பாவுக்கு எல்லாம் புரியுது, பேச்சு மட்டும்தான் வரல" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். பாதி வீட்டில் அது முழு உண்மை இல்லை. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு "சாப்பிடலாமா?" என்றால் தட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். கையைக் கட்டிக்கொண்டு, கண்ணால்கூடக் காட்டாமல், "சாவியை டம்ளர் பக்கத்துல வைங்க" என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் நம் ஊர்த் தலையாட்டல் ஒன்று இருக்கிறதே, அது ஆமாவா இல்லையா, சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறாரா என்று நமக்கே தெரியாது. அதனால் கட்டை விரல் மேலே என்றால் ஆமாம், கீழே என்றால் இல்லை என்று பழக்குங்கள், இல்லாவிட்டால் ஒரு அட்டையில் பெரிய டிக், இன்னொன்றில் பெரிய இன்ட்டு. பதில் தெரிந்த கேள்விகளைக் கலந்து கேளுங்கள், "நீங்க வாத்தியாரா?", "கடை வச்சிருந்தீங்களா?" என்று. பத்துக்கு ஒன்பது சரியாக வரும்வரை, பேங்க் பேப்பர், பத்திரம், போனில் ஓடிபி போன்ற எதையும் அவர் தலையாட்டினார் என்பதை நம்பிச் செய்யாதீர்கள்.

இனி வீட்டில் பேசுவது. காது நன்றாகத்தான் கேட்கிறது என்றால் கத்த வேண்டாம். டிவியை அணையுங்கள், எதிரில் உட்காருங்கள், ஒரு நேரத்தில் ஒரு ஆள், ஒரு விஷயம். கேட்டுவிட்டு மனசுக்குள் பத்து எண்ணுங்கள், நம்மால் முடியாத காரியம் இதுதான், இரண்டு எண்ணுவதற்குள் நாமே பதிலைச் சொல்லிவிடுவோம். "என்ன வேணும்?" என்று திறந்தவெளியில் விடாமல் காபித் தூளையும் டீத் தூளையும் காட்டி "இதா, அதா?" என்று கேளுங்கள். கனடாவில் டொரான்டோவில் ஆரா கேகன் என்ற நிபுணர் அஃபேசியா உள்ளவர்களோடு எப்படிப் பேசுவது என்று குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு முறையை உருவாக்கினார், அதில் எனக்குப் பிடித்தது ஒன்று: "உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்" என்று அவர்களிடம் வாய்விட்டுச் சொல்வது. சொல்லிப் பாருங்கள், அப்பா முகம் மாறும். முக்கியமான சொல்லை ஒரு தாளில் பெரிதாக எழுதிக்கொண்டே பேசுங்கள். புரியாததைப் புரிந்த மாதிரி "சரி சரி" என்று சமாளிக்காதீர்கள், அவருக்குத் தெரிந்துவிடும். "எனக்குப் புரியலப்பா, கையால காட்டுங்க" என்று சொல்வது எவ்வளவோ மேல்.

பயிற்சிக்கு அவர் கடைச் சரக்கிலிருந்தே இருபது சொற்களை எடுங்கள், படம் வேண்டாம், பொருளையே வையுங்கள். துவரம் பருப்பைக் காட்டி உடனே "பருப்புன்னு சொல்லுங்க" என்று ஆரம்பித்துவிடக் கூடாது, அது கிளிப்பிள்ளைப் பாடம், திருப்பிச் சொல்வார், ஐந்து நிமிஷத்தில் போய்விடும். சுற்றிச் சுற்றிப் பேசுங்கள்: எதுக்குப் போடுவோம், என்ன நிறம், எந்தச் சாக்கில் வரும், பக்கத்தில் என்ன வைப்போம். வரவில்லையா, வாக்கியத்தை நீங்கள் தொடங்கி அவரை முடிக்க விடுங்கள், "சாம்பாருக்கு வேணும் துவரம்..." அதற்கும் வரவில்லை என்றால் முதல் எழுத்து, "ப..." என்று வாயசைவு தெரிகிற மாதிரி. கடைசியாகத்தான் முழுச் சொல். வந்துவிட்டால் ஒரு நிமிஷம் கழித்து மறுபடி கேளுங்கள், பிறகு மூன்று நிமிஷம் கழித்து, பிறகு சாப்பாட்டுக்கு அப்புறம். இடைவெளி நீள நீளத்தான் சொல் நிற்கும். "ஹண்ட்ரட்" என்று இங்கிலீஷில் வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ பேசுகிறவர்கள் அதில்தான் தொடங்க வேண்டும், பள்ளிக்கூடத் தமிழில் அல்ல.

பெயர்ச்சொல் மட்டும் போதாது. இவரைப் போன்றவர்கள் "கடை... நேத்து... காசு" என்று சொல்லிவிட்டு நின்றுவிடுவார்கள், தமிழில் வாக்கியத்தை முடித்துக் கொடுக்கிற வினை வராது. அதனால் ஒரு வினையை எடுங்கள், "அளக்கிறது" என்று வைத்துக்கொள்வோம். யார் அளப்பாங்க? எதை அளப்பாங்க? கடைக்காரர் அரிசி அளப்பார், டெய்லர் துணி அளப்பார், சர்வேயர் நிலம் அளப்பார். ஒரு வினையைச் சுற்றி இப்படி ஆட்களும் பொருட்களும் கூடும்போது, சொல்லிக் கொடுக்காத சொற்களும் கொஞ்சம் கொஞ்சமாக வர ஆரம்பிக்கும்.

"முருகா"வை வீணாக்க வேண்டாம். 1970-களில் பாஸ்டனில் உருவான ஒரு முறை உண்டு, பாட்டும் இல்லாமல் பேச்சும் இல்லாமல் ராகம் இழுத்து, இடது கையை மேசையில் தட்டிக்கொண்டே சொல்வது. "தண்...ணி வே...ணும்", "வெளி...ய போ...லாம்" என்று அவருக்கு உண்மையிலேயே தேவைப்படும் நான்கைந்து தொடர்களை இப்படிப் பழக்குங்கள், பிறகு ராகத்தைக் குறைத்துப் பேச்சாக்குங்கள். பழகிய தொடர்களுக்கு இது நன்றாகவே உதவும், அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். முழுப் பாட்டையும் தப்பில்லாமல் பாடிவிட்டுத் தண்ணீர் கேட்க முடியாமல் தவிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வீட்டில் "நடிக்கிறார்" என்பார்கள். பாவம், நடிப்பெல்லாம் இல்லை.

இப்போது மணிக்கணக்கு. பல நாட்டு நோயாளிகளின் தரவுகளைச் சேர்த்து 2022-ல் வெளியான ஆய்வில், மொத்தம் 20 முதல் 50 மணி நேரம் தெரபி கிடைத்தவர்களிடம் முன்னேற்றம் அதிகம் தெரிந்தது. வாரம் ஒரு முறை முக்கால் மணி நேரம் என்றால் 20 மணியைத் தொடவே அரை வருஷம் ஆகும். அதனால் அந்த ஒரு நாளை, வீட்டுப் பாடம் வாங்குகிற நாளாக வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் வீடியோ காலில் இரண்டு முறை பார்க்க முடியுமா என்று கேளுங்கள். வீட்டில் காலை 20 நிமிஷம், மாலை 20 நிமிஷம், களைத்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். தெரபிஸ்ட் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. கிட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருந்தால் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள், பேச்சுப் பயிற்சியாளர் பெரும்பாலும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.

அழுகை, எரிச்சல், சாப்பாட்டில் விருப்பமின்மை இதெல்லாம் வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், பக்கவாதத்துக்குப் பிறகு மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, மருந்து இருக்கிறது. பிரஷர் மாத்திரையை யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். குறை நிரந்தரம் என்று டாக்டர் முடிவு செய்தால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம், 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அஃபேசியாவின் பெயரே இருக்கிறது, பலருக்கு இது தெரியாமல் கை கால் குறைக்கு மட்டும் சான்று வாங்கி வந்துவிடுகிறார்கள்.

தம்பிக்கு அரிச்சுவடிக்குப் பதிலாக வேறு வேலை கொடுங்கள். சாயங்காலம் ஒரு மணி நேரம் அப்பாவைக் கடையில் கொண்டுபோய் உட்கார வைக்கட்டும், கல்லாவில் வேண்டாம், பக்கத்தில் ஒரு நாற்காலி போதும். பழைய வாடிக்கையாளர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள், அவசரப்படுத்தாமல் பேசுங்க, பதிலுக்குக் கொஞ்சம் நில்லுங்க என்று. அங்கே அவர் என்னென்ன சொல்ல முயல்கிறார் என்பதைத் தம்பி போனில் ஐந்து நிமிஷம் எடுத்து வைத்தால் அடுத்த வாரம் தெரபிஸ்ட்டிடம் காட்டலாம், அடுத்த இருபது சொற்கள் அதிலிருந்தே கிடைக்கும்.