கேலரியில் பக்கத்து ஆள் கூவினால்?

கேள்வி: நாடுகாணி இறங்கி, நிலம்பூர்ப் பக்கம் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். ஆப்பிரிக்க ஆட்டக்காரர் ஒருவர் பந்தெடுக்கக் கோட்டருகே வரும்போதெல்லாம், என் பக்கத்தில் இருந்த நால்வர் குரங்கு போலக் கத்தினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டு வாரமாக உறுத்துகிறது. தனி ஆளாக என்ன செய்திருக்க முடியும்?
– வாசகர், கூடலூர்

பதில்: நானும் குனிந்தவன்தான். முப்பது வருடம் உடற்கல்வி ஆசிரியராக விசில் ஊதியவன், முதல் தடவை அந்தக் கூச்சல் காதில் விழுந்தபோது கடலை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். (கானாவோ லைபீரியாவோ, எங்கிருந்து வந்தாலும் அங்கே ஆப்பிரிக்க ஆட்டக்காரர்கள் எல்லாரும் 'சுடானி'தான். ஒரு சூடான்காரரைக்கூட அந்த மைதானங்களில் நான் கண்டதில்லை.)

அடுத்த தடவை, கூவியவனின் தோளைத் தட்டி, "தம்பி, எத்தனை கோல்? கவனிக்கவில்லை" என்றேன். திரும்பிப் பதில் சொல்வதற்குள் அவன் சுருதி இறங்கிவிட்டது. கடலைப் பொட்டலத்தையும் நீட்டினேன். வாய் நிறையக் கடலையோடு எப்படிக் கூவுவது? கோழைத்தனம் என்கிறான் என் மருமகன். சொல்லட்டும். நால்வரிடம் நியாயம் பேசி அடி வாங்கும் வயது எனக்கில்லை. உங்களுக்கும் அது அவசியமில்லை.

எடுபடாவிட்டால் கமிட்டிக்காரர்களிடம் போங்கள். மைக் அவர்கள் கையில். ஃபிஃபா 2024இல் ஒரு சைகையைக் கொண்டுவந்தது: மணிக்கட்டுகளைக் குறுக்காக வைத்துக் காட்டினால் இனவெறி நடக்கிறது என்று பொருள். நடுவர் ஆட்டத்தை நிறுத்தலாம், வீரர்களை வெளியே அழைத்துப் போகலாம், அடங்காவிட்டால் ஆட்டத்தையே கைவிடலாம். வயல்வெளிச் செவன்ஸை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனால், "இன்னொரு தடவை கேட்டால் ஆட்டம் நிற்கும்" என்று மைக்கில் ஒரு வரி வரட்டும். டிக்கெட் வாங்கிய கூட்டமே அந்த நால்வரை அடக்கிவிடும்.

போனில் எடுப்பதானால் கூவுகிறவர்களை எடுங்கள். அவமானப்படுபவரின் முகத்தை வாட்ஸ்அப்பில் சுற்றவிடாதீர்கள். பதிவை அவரிடமே கொடுங்கள். 2024 மார்ச்சில் அரீக்கோட்டில் ஐவரி கோஸ்ட் ஆட்டக்காரர் ஒருவரைக் கூட்டம் துரத்தி அடித்தது. அவர் மலப்புரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் புகார் கொடுத்தார். அப்படிப்பட்ட புகாருக்கு, கேலரியில் இருந்த ஒருவரின் சாட்சியம் எவ்வளவு உதவும்!

நான் கடலை நீட்டிய அன்று, ஆட்டம் முடிந்ததும் அந்தக் கூச்சலுக்கு ஆளான ஆட்டக்காரரிடம் போய், "கேட்டேன், அது தப்பு" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தவர், பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் கொடுத்தார். அரை மணி நேரம் முட்டி வலியைப் பற்றித்தான் பேசினோம், அவருடையதும் என்னுடையதும்.