கணினிக் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கணினி நிலையத்தில் உபுண்டு 20.04 பல காலமாக அப்டேட் செய்யப்படவில்லை. சாதாரண கணக்கில் நுழைந்த மாணவர் ரூட் (எல்லா உரிமையும் உள்ள நிர்வாகி) ஆகிவிட்டார். இந்த ஓட்டையை எப்படி அடைப்பது?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: முதலில் சந்தேகிக்க வேண்டியது பிகேஎக்ஸெக் (pkexec) என்ற நிரல். அதில் 2009 முதல் இருந்த ஓட்டை, 2022 ஜனவரியில்தான் வெளிவந்தது. யார் இயக்கினாலும் ரூட் உரிமையோடு ஓடும் நிரல் இது. ஆர்கியூமென்ட் (நிரலுக்குத் தரும் உள்ளீடு) எதுவுமே, நிரலின் பெயர்கூட, இல்லாமல் அழைத்தால் அந்தப் பட்டியலின் எல்லையைத் தாண்டி, அடுத்திருக்கும் சூழல் மாறிகளை (நிரலுக்குத் தரப்படும் அமைப்பு விவரங்களை) வாசிக்கும். அந்த வழியாகத் தாக்குபவர் தன் நிரலை நுழைத்துவிடுவார்.

‘சூடோ ஆப்ட் அப்டேட்’ (sudo apt update) கொடுத்து, பிகேஎக்ஸெக் அடங்கிய பாலிசிகிட்-1 (policykit-1) தொகுப்பைப் புதுப்பியுங்கள். இணையம் இழுபறியென்றால் உடனே ‘சூடோ சிஎச்மோட் 0755 /யூஎஸ்ஆர்/பின்/பிகேஎக்ஸெக்’ (sudo chmod 0755 /usr/bin/pkexec) கொடுத்து, அது ரூட் உரிமையோடு ஓடுவதை நிறுத்துங்கள். ‘எல்எஸ் -எல்’ (ls -l) அந்தக் கோப்புக்குக் காட்டும் உரிமை வரியில், ரூட் உரிமையைக் குறிக்கும் ‘எஸ்’ (s) மறைந்திருக்க வேண்டும். ஜிபார்டட் (வட்டைப் பிரிக்கும் மென்பொருள்) போன்றவை, தொகுப்பைப் புதுப்பிக்கும்வரை திறக்காமல் போகலாம், பரவாயில்லை.

ஆனால் ஏற்கெனவே ரூட் பறிபோன கணினியை நம்பாதீர்கள். ஆவணங்களை மட்டும் எடுத்துவிட்டு உபுண்டு 24.04ஐப் புதிதாக நிறுவி, கடவுச்சொற்களையும் மாற்றுங்கள்.