109ஆம் சங்கீதத்தைப் பெயர் சொல்லி வாசிக்கலாமா?

கேள்வி: சபையில் என்னோடு நெருங்கிப் பழகியவரே, காணிக்கைப் பணத்தில் நான் கைவைத்துவிட்டேன் என்று பரப்பிவிட்டார். அவர் பெயரைச் சொல்லி 109ஆம் சங்கீதத்தை 21 நாள் வாசித்தால் அடங்கிவிடுவார் என்கிறார்கள். வாசிக்கலாமா?
– ஒரு வாசகி

பதில்: சங்கீதத்தைத் தாராளமாக வாசியுங்கள் சகோதரி. பெயரையும் 21 நாள் கணக்கையும் விட்டுவிடுங்கள். அதில் செய்வினை வாடை அடிக்கிறது.

இப்படிச் சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் 6 முதல் 19 வரையுள்ள சாப வசனங்களை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். அங்கேதான் சிக்கல். முதல் ஐந்து வசனங்களில் பகைவர்கள் ‘அவர்கள்’. 6இல் திடீரென ‘அவன்’. 20இல் மறுபடி பலர். ஆகவே அந்தச் சாபங்கள் தாவீதைப் பற்றிப் பகைவர்கள் சொன்னவை, அவர் அதைத் தேவனிடம் எடுத்துச் சொல்கிறார் என்று சில வேத அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆனால் 20ஆம் வசனம், இதுதான் என்னை விரோதிக்கிறவர்களுக்குக் கர்த்தரால் வரும் பலன் என்கிறது; அதைப் பார்த்தால் எனக்கு அந்த விளக்கம் முழுதாக ஒட்டவில்லை. பேதுருவும் 8ஆம் வசனத்தை யூதாசுக்குப் பொருத்துகிறார் (அப். 1:20). எப்படியானாலும் தாவீது தீர்ப்பைத் தேவனிடம் விட்டுவிடுகிறார், தானே கை ஓங்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை, வேளைதோறும் சொல்லும் ஜெபங்களின் நூலான 1971இன் திருப்புகழ்மாலையில் 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களையுமே சேர்க்கவில்லை.

வாசித்தால் 31ஆம் வசனம்வரை வாசியுங்கள். 6இல் குற்றஞ்சாட்டுகிறவன் வலதுபக்கத்தில் நிற்கிறான். 31இல் எளியவனின் வலதுபாரிசத்தில் கர்த்தரே நிற்கிறார். பாதியில் நிறுத்தினால் வழக்கறிஞர் வருமுன் நீதிமன்றத்தை விட்டு எழுந்துவந்த மாதிரி.

ஆனால் 109க்கு முன்பு சங்கீதம் 7:3-5ஐ வாசியுங்கள். ‘நான் இதைச் செய்திருந்தால் பகைஞன் என்னைப் பிடிக்கட்டும்’ என்று தாவீது தன்னையே சோதனைக்கு வைக்கும் இடம் அது. பண விஷயம் அல்லவா? எழுதாத ரசீது ஒன்று இருந்தாலும் அன்றே சரிசெய்து, கணக்கை இன்னொருவர் சரிபார்க்கும்படி நீங்களே கேளுங்கள்.

இரவில் 120ஆம் சங்கீதம் போதும், ஏழே வசனம்: “பொய் உதடுகளுக்கும் கபட நாவுக்கும் என் ஆத்துமாவைத் தப்புவியும்.” அதில் பாடுகிறவர் தான் குடியிருப்பதாகச் சொல்லும் மேசேக் வடக்கே எங்கோ, கேதார் அரேபியப் பாலைவனத்தில். ஒரே ஆள் இரண்டிலும் குடியிருக்க முடியாது. எங்கே போனாலும் பகைதான் என்ற தவிப்பு அது. ஆராதனைக்குப் புறப்படும்போது 141:3: “கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்.”

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ‘ஜெபக்குறிப்பு’ என்று அவர் பெயரோடு வாட்ஸ்அப் குழுவில் போட்டால், அதுவும் புறங்கூறுதல்தான். மத்தேயு 18:15-17இன்படி முதலில் அவரிடம் தனியாகப் பேசுங்கள்; கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிப் போங்கள்; அதன்பிறகே சபை. போகும்போது கணக்குப் புத்தகம் கையில் இருக்கட்டும்.